சம ஓட்டு விழுந்த மதியம்

கல்லூரியில் நான் வினாடி வினா அணியில் இருந்தேன். நான்கு பேர். ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டபோது சினிமாவையும் கிரிக்கெட்டையும் அறிவியலையும் மற்ற மூன்று பேர் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். யாருக்கும் வேண்டாமல் மிச்சம் கிடந்தது அமெரிக்க அரசியல் வரலாறு. அது என் தலையில் விழுந்தது. வேண்டாவெறுப்பாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க விட முடியவில்லை. முதல் ஐந்து ஜனாதிபதிகளில் மூன்று பேர் அந்நாட்டுச் சுதந்திர தினத்தன்று இறந்தார்கள், அதில் இரண்டு பேர் ஒரே வருஷம், ஒரே நாள் என்று தெரிந்தபோது விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழியை எழுப்பிச் சொல்லித் திட்டு வாங்கினேன். வேறொரு ஜனாதிபதிக்கு அவரது அப்பாவே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். கிராமத்து வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்.

பிறகு பாளையங்கோட்டையில் சமூக அறிவியல் ஆசிரியை ஆனேன். கடைசிப் பீரியடில் பிள்ளைகள் சாய்ந்து விழும்போது இந்தக் கதைகளில் ஒன்றை எடுத்துவிடுவேன். அதைத் தாண்டி அவற்றால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை, அந்த உள்ளாட்சித் தேர்தல் வரும்வரை.

எனக்கு வாக்கு எண்ணிக்கைப் பணி போட்டிருந்தார்கள். ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடம்தான் எண்ணும் இடம். ஊரையும் பள்ளியையும் சொல்லப்போவதில்லை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூங்கில் கட்டைகளால் தடுப்பு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் வேட்பாளர்களும் அவர்களது ஏஜெண்டுகளும், இந்தப் பக்கம் நாங்கள். மத்தியானம் வரை தலை நிமிர நேரமில்லை.

மத்தியானத்துக்கு மேல் என் மேசைக்கு ஒரு கிராமத்து வார்டின் சீட்டுகள் வந்தன. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. போட்டியே இரண்டு பேருக்குள்தான். ஒருத்திக்குச் சீப்பு சின்னம், இன்னொருத்திக்குக் கட்டில் சின்னம். பக்கத்து மேசை ஆசிரியர் என் காதோரம் சொன்னார்: "டீச்சர், பாத்து எண்ணுங்க. ரெண்டு பேரும் ஓரகத்திமாருங்க. ஒரே வீட்டு மருமவளுக. கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும் வாய்க்கா தண்ணிச் சண்டையில பேச்சு வார்த்தை இல்லாம இருக்காவ. ஆளுக்கொருத்தரா பொண்டாட்டிய நிறுத்திருக்காவ."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மூத்தவள் ஒல்லியாக, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள்தான் கட்டில். இளையவள் முப்பது வயதுகூட இருக்காது, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சீப்பு அவளுடையது. இருவருக்கும் பின்னால் அவரவர் புருஷன்மார். மூக்கும் நெற்றியும் அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பேருக்கும் ஒன்று.

எண்ணி முடித்தபோது சீப்பு ஒரு ஓட்டு கூட. ஒரே ஒரு ஓட்டு.

தம்பி கையை உயர்த்திச் சத்தம் போட்டார். வெளியே அது எப்படிப் போனதோ, அடுத்த நிமிஷம் வெடிச் சத்தம் கேட்டது. ஒரு மாலையும் உள்ளே வந்துவிட்டது. அண்ணன் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார்.

"செல்லாத ஓட்டுன்னு ஒண்ணத் தள்ளி வச்சீயளே, அத எடுங்க. திரும்ப எண்ணுங்க. எண்ணாம ஒரு ஆளு இங்கனயிருந்து நகரக்கூடாது."

அந்தச் சீட்டை ஒதுக்கி வைத்தது நான்தான். இரண்டு சின்னத்தின் மேலும் முத்திரை இருந்தது. தேர்தல் அலுவலர் வந்தார். ஓய்வுபெற ஒன்றிரண்டு வருஷமே இருந்த மனிதர், சட்டை முதுகு முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்தது. சீட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நம் ஓட்டு முத்திரையில் அம்புகள் ஒரே திசையில் சுழலும். சீட்டை மடிக்கும்போது மை காயாமல் இருந்தால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதில் அம்புகள் திரும்பிச் சுழலும், கண்ணாடியில் பார்த்த மாதிரி. கட்டிலின் மேல் இருந்தது நேரான முத்திரை. சீப்பின் மேல் இருந்தது அதன் நிழல்.

"இது செல்லும். கட்டிலுக்கு விழுந்த ஓட்டு," என்றார்.

மறுபடி எண்ணினோம். இரண்டு பக்கமும் சமம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துச் சட்டசபைத் தேர்தலில் அச்சு அசலாக இப்படியே நடந்தது. மறு எண்ணிக்கையில் ஒருத்தர் ஒரு ஓட்டில் ஜெயித்தார். பிறகு சந்தேகத்தில் தள்ளிய ஒரே ஒரு சீட்டைச் செல்லும் என்றார்கள். சமமாகிப்போனது. வருஷக்கணக்கில் நான் வகுப்பில் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை. இப்போது அந்தச் சீட்டைத் தள்ளிய கை என்னுடையது.

தம்பி கழுத்திலிருந்த மாலையைப் பிய்த்து எறிந்தார். "ஜெயிச்சவள தோக்கடிக்கப் பாக்குதீயளா? எவன்கிட்ட கை நனைச்சீய?" என்று அலுவலரை நோக்கிப் பாய்ந்தார். அண்ணன் குறுக்கே வந்தார். "ஏலே, நாக்க அடக்கிப் பேசு." ஒரு நாற்காலி கவிழ்ந்தது. போலீஸ்காரர்கள் இருவரையும் பிரித்து ஆளுக்கொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே தகரக் கதவில் கல் விழ ஆரம்பித்தது.

அலுவலர் என்னிடம் வந்தார். "டீச்சர், குலுக்கல்தான். வேற வழி இல்ல. ஆனா கூடுதல் போலீஸ் வராம நான் சீட்டு எழுதமாட்டேன். அதுவரைக்கும் இந்த ரெண்டு அம்மாவையும் அடுத்த வகுப்பறையில உக்கார வையுங்க. நீங்க கூட இருங்க. பெண் போலீஸ் வாசல்ல நிப்பாவ."

வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். மூத்தவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இளையவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். நடுவில் நான். கரும்பலகையில் யாரோ எழுதிய பின்னக் கணக்கு பாதி அழிந்து கிடந்தது. ஒவ்வொரு கல் விழும்போதும் இளையவளின் தோள் துள்ளியது.

என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசாமல் இருக்கவும் முடியவில்லை. வகுப்பறை என்பதாலோ என்னவோ, வாய் தானாக அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"அமெரிக்காவுலயும் இப்படி சமமா வந்திருக்கு," என்றேன். "ரெண்டு பேரையும் துண்டுச் சீட்டுல எழுதி, ஒரு மண் கிண்ணத்துல போட்டுக் குலுக்கி எடுத்தாங்க. அந்த ஒரு சீட்ட வச்சுத்தான் அந்தச் சட்டசபையில யாருக்குப் பெரும்பான்மைங்கிறதே முடிவாச்சு."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். "அமெரிக்காக்காரனும் குலுக்கித்தான் எடுக்கானா?"

"இன்னொரு மாநிலத்துல சீட்டுக்கட்ட எடுத்து வைப்பாங்க. பெரிய சீட்டு எடுத்தவருக்குப் பதவி. ஒரு தடவ ரெண்டு பேரும் ஜாக்கியே எடுத்துட்டாங்க. ஸ்பேடு பெரிசா டைமன் பெரிசான்னு பாத்து முடிவு சொன்னாங்க."

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "பொம்பளையளும் நின்னிருக்காவளா டீச்சர்?"

"அவங்க பார்லிமெண்டுக்கு முதல்முதலா ஒரு பெண் ஜெயிச்சப்ப, நாட்டுல பாதிக்கு மேல மாநிலங்கள்ல பெண்களுக்கு ஓட்டே கிடையாது."

"ஓட்டே இல்லாம அந்த அம்மா எப்படி ஜெயிச்சாவ?"

"அவங்க மாநிலத்துல மட்டும் முன்னாலயே கொடுத்திருந்தாங்க."

இளையவள் இரண்டு பெஞ்சு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பழைய பெரிய கதையை எடுத்தேன். ஜனாதிபதி தேர்தலிலேயே இரண்டு பேருக்குச் சமமாக விழுந்தது, பார்லிமெண்டு கூடி முப்பத்தாறு தடவை ஓட்டெடுத்துத்தான் முடிவு கண்டது, காய்ச்சலில் கிடந்த ஒரு உறுப்பினரைப் பனி கொட்டக் கொட்டத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள், அவர் மனைவி கூடவே இருந்து மருந்து கொடுத்து, கையைப் பிடித்து எழுத வைத்து ஓட்டுப் போடச் செய்தாள் என்றெல்லாம் சொன்னேன்.

"தோத்தவன் என்ன ஆனான்?" என்றாள் மூத்தவள்.

"அப்ப இருந்த சட்டப்படி ரெண்டாவதா வந்தவரு துணை ஜனாதிபதி."

"அப்ப தோத்தாலும் பக்கத்து நாக்காலியிலதான் உக்காரணும்."

"ஆமா."

"பிறவு?"

பிறகு அந்தத் துணை ஜனாதிபதி, தனக்கு எதிராக வேலை பார்த்த ஒருவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். பதவியில் இருக்கும்போதே. அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெளியே கல் விழும் சத்தம். நான் கதையை அப்படியே விழுங்கிவிட்டு, அவசரமாக வேறொன்றைப் பிடித்தேன்.

"இன்னொரு ஊர்ல கவுன்சிலர் தேர்தல்ல சமமா வந்திச்சு. அப்பத்தான் ஒருத்தருக்கு நினைப்பு வந்திருக்கு, அவரு சம்சாரமே ஓட்டுப் போடல. ஆஸ்பத்திரியில ராத்திரி வேல பாத்துட்டு வந்து தூங்கிட்டாங்க. பாவம்னு இவரும் எழுப்பல. அந்த ஒரு ஓட்டு விழுந்திருந்தா காசு சுண்டிப் பாக்குற நிலைமையே வந்திருக்காது."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மூத்தவள் மெதுவாகத் திரும்பி, அந்த அறைக்குள் வந்த பிறகு முதல் தடவையாக இளையவளைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏட்டி, அத்தைய நீதான பூத்துக்குக் கூட்டிட்டுப் போன?"

இளையவள் விழித்தாள். "இல்லக்கா. நான் ஆட்டோ கொண்டாந்தேன். அதான் மூத்தவ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கா, நீ போன்னு சொன்னாவ."

"எங்கிட்ட இளையவ கூட வாரேன், நீ போன்னாவ."

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. மாமியார்க்காரி ஓட்டே போடவில்லை. இரண்டு மருமகளிடமும் ஒரே பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஓட்டுப்பதிவு அன்று சாயங்காலம் மழையில் பூத்தில் கூட்டம் நெருக்கியடித்ததில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அம்மா அவனுக்குத்தான் போட்டிருப்பாள் என்று அண்ணன் கறுவிக்கொண்டிருக்க, அண்ணனுக்குத்தான் போட்டிருப்பாள் என்று தம்பி கறுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது எப்படி ரெண்டுல ஒண்ணுக்குக் குத்தும்," என்றாள் மூத்தவள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "ரெண்டையும் அதுதான பெத்துச்சு."

இளையவள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். "அக்கா, இது இவுகளுக்குத் தெரிஞ்சா அத்தைய உயிரோட விடமாட்டாவ. நேத்து எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து கேட்டாவ, யாருக்குப் போட்டன்னு. வாயவே திறக்கல அத்தை. கைய ஓங்கிட்டாவ அக்கா. நான்தான் குறுக்க விழுந்தேன்."

"எங்க வீட்டுக்காரரு மட்டும் என்ன," என்றாள் மூத்தவள். "ஜெயிக்கலன்னா அந்தக் கிழவிக்கு இனி சோறு கிடையாதுன்னுதான் காலையில வண்டி ஏறினாரு."

கதவு தடதடவென்று இடிபட்டது. மூன்று பேரும் எழுந்துவிட்டோம். "உள்ள என்ன பேச்சு? ரெண்டும் கூடி என்ன பேசுதாளுவ?" தம்பியின் குரல். பெண் போலீஸ் அதட்டினார். கதவின் மேல்தாழ்ப்பாள் ஒரு திருகு கழன்று ஆடியது. நான் போய் முதுகைக் கொடுத்து நின்றேன். ஒவ்வொரு இடியும் என் எலும்பில் விழுந்தது. நல்லவேளை, பூட்ஸ் சத்தம் கேட்டது. கூடுதல் போலீஸ் வந்துவிட்டது.

மூத்தவள் சேலையைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்க ஒண்ணும் கேக்கல."

"கேக்கலம்மா," என்றேன்.

எண்ணும் கூடத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அலுவலர் இரண்டு துண்டுக் காகிதத்தில் சின்னத்தையும் பெயரையும் எழுதி, இரு தரப்பிடமும் காட்டி, ஒரே மாதிரி மடித்தார். போடுவதற்குப் பாத்திரம் இல்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுவந்தார்கள். அதையும் அண்ணனும் தம்பியும் வாங்கிக் கவிழ்த்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்கள்.

யார் எடுப்பது என்பதில் மறுபடி தகராறு. அலுவலர் எடுக்கக்கூடாது என்றார் தம்பி. போலீஸ் எடுக்கக்கூடாது என்றார் அண்ணன். குரல்கள் ஏறிக்கொண்டே போயின. அப்போது மூத்தவள் சொன்னாள்: "அந்த டீச்சர் எடுக்கட்டும்."

"அவதான் என் ஓட்ட செல்லாதுன்னு தள்ளுனவ," என்று அவள் புருஷன் சீறினார்.

"அதனாலதான் சொல்லுதேன். அவுக நமக்கு ஆளுன்னு ஒருத்தனும் பேச முடியாதுல்லா."

இளையவளும் தலையாட்டினாள். தம்பிக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளிக்குள் கைவிட்டேன். எவர்சில்வர் குளிர்ந்து கிடந்தது. இரண்டு காகிதமும் விரலில் பட்டன. எதை எடுத்தாலும் அந்த வீட்டில் ஒருத்தி அடிபடுவாள் என்ற நினைப்பு வந்து கை நின்றுவிட்டது. "எடுங்க டீச்சர்," என்றார் அலுவலர். ஒன்றை எடுத்து, பிரிக்காமல் அவரிடம் நீட்டினேன்.

அவர் பிரித்தார். "கட்டில்."

தம்பி சிரித்தார். கேட்கவே பயமாக இருந்தது. "நம்ம அம்மாதாம்லே இதுக்குக் காரணம். அவ ஒரு ஓட்டு எனக்கு விழுந்திருந்தா குலுக்கல் ஏது? பெரியவனுக்குல்லா குத்திட்டு வந்திருக்கா. இன்னைக்கு வீட்டுக்குப் போயி அவள..." சொல்லி முடிக்காமல் வாசலை நோக்கித் திரும்பி நடந்தார்.

இளையவள் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். அவர் கையை ஓங்கினார்.

"அத்தை நமக்குத்தான் போட்டாவ."

"என்னது?"

"சீப்புக்குத்தான் குத்தினாவ. நான்தான் கூட்டிட்டுப் போனேன். வெளிய வந்ததும் எங்கிட்ட சொன்னாவ. பெரியவுகளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாவன்னு யாருகிட்டயும் சொல்லாதன்னாவ. அதான் உங்ககிட்டயும் சொல்லல."

அத்தனை பேர் முன்னால், கண்ணைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள். தம்பியின் கை பைய இறங்கியது. "எங்கம்மா எனக்கா போட்டா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார்.

இப்போது எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். ஜெயித்த மனிதர் அவர். முகம் கறுத்துப்போய், பொண்டாட்டியைப் பார்த்தார். "நெசமாடி? உனக்குத் தெரியுமா?"

உண்மையைச் சொல்ல மூத்தவளுக்கு ஒரு வார்த்தை போதும். மாமியார் தனக்கு எதிராகக் குத்தினாள் என்ற பேச்சை, ஜெயித்த அன்றைக்கே, ஊர் கேட்க அவள் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

"தெரியும்," என்றாள் மூத்தவள். "இளைய மவன் மேல பாசம் அதிகம். போட்டுட்டுப் போறாவ. நமக்குத்தான் வந்திருச்சே, இனி அவுகள ஒண்ணும் கேக்காதீங்க." அலுவலரிடம் திரும்பி, "எங்கன கையெழுத்துப் போடணும் சார்?" என்றாள்.

அண்ணன் கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே பாதையில் போகக்கூடாது என்று போலீஸ் சொல்லி, தம்பியின் வேனை முதலில் அனுப்பினார்கள். ஏறுவதற்கு முன் இளையவள் திரும்பி மூத்தவளைத் தேடினாள். மூத்தவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. வெயில் இறங்கியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சுலோச்சன முதலியார் பாலத்தில் பஸ் ஏறியபோது தாமிரபரணி கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

தம்பி கோர்ட்டுக்குப் போகப்போவதாகப் பேச்சு அடிபட்டது. போகவில்லை. அடுத்த வருஷம் ஆடி மாதம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மூத்தவளை எதிர்பாராமல் பார்த்தேன். அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள். வாழைத்தார் வாங்க வந்திருந்தாள்.

"அத்தை தவறிட்டாவ டீச்சர். தை மாசம். நானும் அவளும்தான் குளிப்பாட்டினோம்."

"கடைசியிலயாவது சொன்னாங்களா, ஏன் போடலன்னு?"

"நாங்க கேக்கவே இல்லையே." தாரில் ஒரு காயைத் திருகிப் பார்த்தாள். "அவருதான், எங்க வீட்டுக்காரரு, கொள்ளி வைக்கும்போதுகூட முறுக்கிக்கிட்டு நின்னாரு. என்ன இருந்தாலும் எனக்கு எதிரா குத்துனவதானன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாரு. அன்னைக்கு நெசத்தச் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சர். அவ என் கையப் பிடிச்சு அமுக்கிட்டா."

புருஷன்மார் இன்னமும் பேசுவதில்லையாம். இவர்கள் இருவரும் வாய்க்காலில் துணி துவைக்கும்போது பேசிக்கொள்வார்களாம். வார்டுக்குத் தெருவிளக்கு வாங்க மனு எழுதினால் இளையவள்தான் எழுதிக் கொடுப்பாளாம், அவள் பத்தாவது வரை படித்தவள். போன வாரம் தங்கள் தெருவுக்கு நான்கு விளக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, தாரைத் தூக்கி ஆட்டோவில் வைக்கச் சொல்லி எனக்கு ஒரு சீப்பு பழம் பிய்த்துக் கொடுத்தாள்.